மலையைப் பார்த்து மலையை வரைதல்

நம் பள்ளிக் குழந்தைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரண்டு முக்கோண மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை என வரைந்து தருவார்கள். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் வளரும் குழந்தையும் அதையே வரைகிறது. பச்சைமலை அருகிலேயே இருக்கிறது. அது முக்கோணமாக இல்லை என்பதைப் பார்க்க யாரும் அழைத்துச் செல்வதில்லை.

1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ்.பணிக்கரை இன்று ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசைக்காகவே பேசுகிறோம். அவருடைய தொடக்கமோ கேரளத்துத் தென்னைகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய நிலக்காட்சிகள். அரூபத்துக்குப் போனவரும் மரத்தடியிலிருந்துதான் புறப்பட்டார்.

கைபேசியில் படமெடுத்து வீட்டில் வரையலாமே என்று கேட்கிறார்கள். வரையலாம். ஆனால், கேமரா பெரும்பாலும் நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது. நேரில் பார்க்கும் கண்ணுக்கோ அதே நிழலில் நீலமும் ஊதாவும் தெரியும். அந்த நிழலும் நிற்பதில்லை. காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் ஒளி மாறிவிடும். சித்திரை வெயிலில் அடுத்த தீற்றலுக்குள் வண்ணம் உலர்ந்துவிடுகிறது. ஐப்பசி ஈரத்தில் தாள் உலரவே மறுக்கிறது. எதை விடுவது என்று உடனே முடிவெடுக்க வேண்டிய இந்த நெருக்கடியே திறந்தவெளி ஓவியத்தின் பயிற்சி. ஐரோப்பாவில் இது பரவ, 1841இல் ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை பெற்ற உலோக வண்ணக்குழாய் பெரிதும் உதவியது. அதற்குமுன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிச் சுமந்தார்கள்!

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இன்னொன்றும் புலப்படும். இப்பகுதி ஏரிக்கரை ஒன்றில் நான் வரைந்த பழைய தாள்களில் அடிவானம் பனைமரங்களால் ஆனது. பிந்தைய தாள்களில் அங்கே அடுக்ககச் சுவர். தண்ணீரின் நீலத்தை ஆகாயத்தாமரையின் பச்சை மூடியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிறிய ஏரிகளுக்கு அத்தகைய காவல் இல்லை. செயற்கைக்கோள் படம் பரப்பளவைச் சொல்லும். கரையில் நின்றவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாது.

வரையும்போது அருகில் வந்து நிற்கும் முதியவர்கள் ஓவியத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. கலங்கல் எங்கே இருந்தது, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதையும் தாளின் ஓரத்தில் தேதியிட்டுக் குறித்துக்கொள்கிறேன்.