அகஸ்டஸுக்கு ஏன் வயதாகவில்லை?

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தபோது அவருக்கு 76 வயது நிறைய ஒரு மாதமும் சில நாள்களும்தான் பாக்கி. அவருடைய உருவச் சிலைகள் ஏறத்தாழ 200 கிடைத்திருக்கின்றன. எதுவும் அவரைக் கிழவராகக் காட்டுவதில்லை. அவற்றில் புகழ்பெற்றது, 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்த்தாவில், அவர் மனைவி லிவியாவின் மாளிகை இடிபாடுகளில் கிடைத்த பளிங்குச் சிலை. இரண்டு மீட்டர் உயரம், சுருக்கமில்லாத நெற்றி, இறுக மூடிய வாய்.

அந்த வாயைக் கவனிக்க வேண்டும். சுமார் நூறாண்டுகளுக்குப் பிறகு அவர் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ், எந்த வயதிலும் அவர் அழகர்தான் என்று சொல்லிவிட்டு மற்றவற்றையும் மறைக்காமல் எழுதுகிறார்: பற்கள் சிறியவை, இடைவெளி விட்டவை, சொத்தையானவை, புருவங்கள் ஒன்றோடொன்று கூடியவை, ஆள் குள்ளம், உயரமாகத் தெரிவதற்காகத் தடித்த அடி வைத்த காலணி அணிந்தார். பளிங்கில் புருவங்கள் விலகி நிற்கின்றன. பல்லைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்படியானால் இது அகஸ்டஸ்தான் என்று எப்படித் தெரிகிறது? நாணயங்களால். அவற்றில் முகத்தைச் சுற்றிப் பெயர் பொறித்திருக்கிறது. அதை வைத்துப் பெயரில்லாத சிலைகளை ஒப்பிடுகிறார்கள். அதைவிடத் துல்லியமான அடையாளம், முகத்தில் இல்லை, முன்நெற்றி மயிரில் இருக்கிறது. ஓரிடத்தில் கற்றைகள் கவட்டைபோல் பிரியும். சற்றுத் தள்ளி இரண்டு கற்றைகள் நுனி வளைந்து இடுக்கிபோல் நெருங்கும். கி.மு. 27 வாக்கில் ‘அகஸ்டஸ்’ என்ற பட்டம் பெற்றபோது, முப்பத்தைந்து வயதில், அவருக்காக ஒரு மாதிரி உருவம் அமைந்தது. அதன் அச்சுப் படிகளைப் பார்த்துப் பேரரசெங்கும் சிற்பிகள் செதுக்கினார்கள். கன்னமும் மோவாயும் சிற்பிக்குச் சிற்பி மாறும், மயிர்க்கற்றை மாறாது. அவரை ஒருநாளும் நேரில் பார்க்காத சிற்பிக்கு அதுவே அளவுகோல். நமக்கும் அதுவே. இன்று படங்களிலும் பாடநூல்களிலும் நாம் காணும் அகஸ்டஸ், அந்த மாதிரி உருவத்தின் வழிவந்தவர்தான்.

எகிப்தின் தென்கோடியில் நின்ற அப்படியொரு வெண்கலச் சிலையை குஷ் நாட்டுப் படையினர் கி.மு. 25 வாக்கில் வீழ்த்தித் தலையை எடுத்துச் சென்றார்கள். இன்றைய சூடானிலுள்ள மெரோவேயில், ஒரு கோயிற்படியின் கீழ் அதைப் புதைத்தார்கள். ஏறுகிறவர் எல்லோரும் பேரரசரை மிதித்தே ஏறினார்கள். 1910இல் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் தோண்டியபோது, கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் பழுதில்லாமல் இருந்தன. அவமதிக்கப் புதைத்த மணல்தான் காப்பாற்றியது. பழங்காலச் சிலைகளில் பதித்த கண்கள் தப்புவது மிக அரிது என்பதால், எனக்கு பிரிமா போர்த்தாவைவிட இந்தத் தலையே பெரிது.

இதே முகம் தமிழகத்துக்கும் வந்தது. மிளகுக்கும் கொங்கு நாட்டின் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஏராளமானவை, கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சான ஒரே வகை: ஒருபுறம் வாகைசூடிய அகஸ்டஸ், மறுபுறம் அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயங்களுடன். அச்சு வெட்டியபோது அவருக்கு அறுபது வயது. காசில் கழுத்து நிமிர்ந்த இளைஞர்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் ஐந்நூற்றுச் சொச்சம். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு ஆழமாக ஓடுகிறது. காசாகச் செல்லாமல் வெறும் பொன்னாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று நாணயவியலாளர்கள் கருதுகிறார்கள். வெட்டியவருக்கு எடைதான் கணக்கு. முகம் யாருடையதாக இருந்தாலும் ஒன்றுதான்.