பாட்டியின் சிவப்புக் கல் மாணிக்கமா?

கடந்த விடுமுறையில் ரிங்லெட் அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது, பாட்டி ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தார். உள்ளே அவருடைய பழைய மோதிரமும் அதிலிருந்து கழன்று விழுந்த சிவப்புக் கல்லும் இருந்தன. பாட்டியின் அம்மா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்த கல் அது. வீட்டில் எல்லாருக்கும் அது மாணிக்கம்தான். என் படிப்புச் செலவுக்காக அம்மா அதை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "வெறும் கண்ணாடி, தங்கத்துக்கு மட்டும்தான் விலை" என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீதான் கல்லைப் பத்திப் படிக்கிறியே, என்னான்னு பாரேன்" என்றார் பாட்டி. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் முதலில் புற ஊதா விளக்கைக் காட்டினேன். கல் தணல்போல் சிவப்பாக ஒளிர்ந்தது. மாணிக்கத்துக்குச் சிவப்பு நிறத்தையும் இந்த ஒளிர்வையும் தருவது குரோமியம். அம்மாவுக்கு உடனே செய்தி அனுப்பிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்து, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரண்டு போலரைசர் தகடுகளைக் குறுக்காக வைத்து, நடுவில் கல்லை வைத்துச் சுழற்றினேன். மாணிக்கம் தன்னுள் நுழையும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அதனால் சுழற்றும்போது மாறி மாறி வெளிச்சமும் இருளும் தெரியவேண்டும். எனக்குத் தெரிந்தது இருள் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட திசையில் பார்த்தால் மாணிக்கமும் இருண்டே இருக்கும் என்பதால் கல்லைப் பல பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் இருள்தான். கண்ணாடியும் இப்படித்தான் இருக்கும்.

கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று நினைத்தபடி ஒளிவிலகல் எண்ணை அளந்தேன். படிவம் நான்கு இயற்பியலில் நாம் படித்த அதே 'n'தான். மாணிக்கமாக இருந்தால் 1.762, 1.770 என இரண்டு அளவுகள் கிடைக்கும். சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5. என் கல்லுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அளவு: 1.718.

அது ஸ்பினல்.

எடையும் அதையே சொன்னது. காற்றில் 0.216 கிராம், நீரில் 0.156 கிராம். குறைந்தது 0.060, ஆக ஒப்படர்த்தி 3.60. மாணிக்கத்துக்கு அது 4.00. நுண்ணோக்கியில் பார்த்தபோது கல்லுக்குள் எண்முக வடிவில் குட்டிப் படிகங்கள் வரிசையாக இருந்தன. இயற்கை ஸ்பினலில் காணப்படும் அடையாளம் இது.

மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு. ஸ்பினலில் அதனுடன் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும். சிவப்பு ஸ்பினலுக்கும் நிறம் தருவது குரோமியமே. மியன்மாரின் மோகோக் பகுதியில் இரண்டும் ஒரே பளிங்குப் பாறையில் விளைகின்றன. கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல்தான் இவை வேறுவேறு கனிமங்கள் என்று பிரித்துக் காட்டினார். பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்பக்கம் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' கூட, சுமார் 170 காரட் எடையுள்ள ஸ்பினல்தான்!

நம் கேமரன் மலையில் ஏன் இவை கிடைப்பதில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். நம் மலை கருங்கல், அதில் குவார்ட்ஸ் நிறைய. குவார்ட்ஸ் இருக்கும் பாறையில் மாணிக்கமோ இந்த ஸ்பினலோ பொதுவாக உருவாகாது. ஆனால் அந்தக் குவார்ட்ஸ் எனக்கு வேறொரு வகையில் சாட்சி சொன்னது. பாட்டி இந்த மோதிரத்தோடுதான் கொழுந்து பறித்தார், பாத்திரம் துலக்கினார். தோட்டத்து மண்தூசியில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. கண்ணாடிக்குச் சுமார் 5.5. கண்ணாடியாக இருந்திருந்தால் பட்டைகள் எப்போதோ தேய்ந்து மங்கியிருக்கும். ஸ்பினலுக்குக் கடினம் 8, மாணிக்கத்துக்கு 9. பாட்டியின் கல்லில் விளிம்புகள் இன்னும் கூராகவே இருக்கின்றன. கடையில் ஒரு லென்ஸை எடுத்துப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

பாட்டியை அழைத்துச் சொன்னேன். மாணிக்கம் இல்லை, கண்ணாடியும் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மகுடக் கதையைச் சொன்னேன்.

"அப்ப மகாராணி தலையில இருந்ததும் இதே கல்லுதானா?"

"ஆமா பாட்டி."

"சரி, விக்க வேணாம். பத்தர்கிட்ட குடுத்துப் பதிச்சு எடுத்துட்டு வா. இந்தத் தடவை காலைக் கெட்டியா அடிக்கச் சொல்லு."