பாரம் சுமக்கும் வானும் பந்தயக் களமும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வழிய மீன் ஏற்றிச் செல்வதும், உல்லாசப் பிரயாணிகளை நிலாவெளிக் கடற்கரையில் இறக்குவதும், கலியாண வீட்டுக்காரரையும் நேர்த்திக்கடன் வைத்தவரையும் கோணேசர் மலையடிவாரம்வரை கொண்டுவந்து சேர்ப்பதுமாக, திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் அன்றாட வாழ்வைத் தன் முதுகில் சுமந்து திரியும் வாகனம் வான். அத்தகைய சாதுவான வாகனத்தின் ஆசனங்களைக் கழற்றி, உடலைத் தாழ்த்தி, பந்தயக் களத்தில் ஓடவிட்டு மகிழ்கிறவர்கள் உலகில் உண்டு என்று கேள்விப்பட்டால், வேலையற்ற வேலை என்றே பலரும் சொல்வார்கள். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். யந்திர ஞானத்தை இத்தனை ஆனந்தத்தோடு புகட்டும் பாடசாலைகள் மிகச் சிலவே.

ஜப்பானில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் சிலர், தம் சைக்கிள்களைக் களத்துக்கு ஏற்றிச் செல்வதற்காக அமெரிக்க டொட்ஜ் வான்களை வாங்கினார்கள். களத்துக்கு வந்த இடத்தில் அந்த வான்களையே ஓட்டிப் பார்க்கும் ஆசை பிறந்து, அது பின்னர் ஃபுகுஷிமா மாநிலத்து எபிசு பந்தயத் திடலில் வான்களுக்கென்றே தனிப் போட்டி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. பெரிய கம்பனிகளையும் இந்த மோகம் விட்டுவைக்கவில்லை. 1971இல் ஃபோர்ட் நிறுவனம், ஜீ.டி. 40 பந்தயக் காரின் அங்கங்களுக்குமேல் தன் ட்ரான்சிட் வானின் உடலைப் போர்த்தி ஓட்டிக் காட்டியது. 1990களின் நடுவில் ரெனோ நிறுவனம், எஸ்பாஸ் என்னும் குடும்ப வானுக்குள் ஃபோர்மியூலா 1 காரின் 10 சிலிண்டர் யந்திரத்தையே வைத்தது. இவை பணபலத்தின் விநோதங்கள். எனக்குப் பிடித்தது, 2006இல் அமெரிக்காவில் ஆரம்பமான 'லெமன்ஸ்' பந்தயம். பாதுகாப்புச் சாதனங்கள் நீங்கலாக, வாகனத்துக்கு 500 டொலருக்கு மேல் செலவிடக் கூடாதென்பது அதன் பிரதான விதியாகையால், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக் களைத்துப்போன பழைய வான்களும் அங்கே களமிறங்குகின்றன.

வானைப் பந்தயத்துக்குப் பழக்குவதில் உள்ள சிரமம் வேகம் அன்று, உயரம். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, வாகனத்தின் பாரமையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள்: அகலம் 130 சென்டிமீட்டர், பாரமையத்தின் உயரம் 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், விடை ஒன்றுக்குக் குறைவு. நல்ல ரயர்கள் உலர்ந்த தாரில் பிடிக்கும் பிடியோ ஏறத்தாழ ஒன்று. அந்த விடை ரயரின் பிடியைவிடக் குறைவாயிருப்பதால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது அந்த வான் வழுக்கிச் செல்வதற்குப் பதிலாகக் கவிழ்ந்துவிடும். ஆகவே ஸ்பிரிங்குகளைக் குறுக்கி உடலைத் தாழ்த்துவதும், சக்கரங்களை அகலப்படுத்துவதும், கூரைக்கு அருகில் உள்ள பாரமனைத்தையும் களைவதுமே முதற்காரியங்கள்; யந்திரத்தின் பலத்தைக் கூட்டுவது அவற்றுக்குப் பின்னரே. ஹயேஸ் போன்ற வான்களின் முன் ஆசனத்தைத் தூக்கினால், அனல் வீசும் யந்திரம் அங்கேயே அமர்ந்திருப்பதைக் காணலாம். பாரம் மூக்கில் தொங்காமல் உள்ளே தள்ளி நிற்பது பந்தயத்துக்கு அநுகூலமே. ஆனால் பாரமேற்றுவதற்கென்று அமைந்த பின்புறம், பாரமில்லாதபோது துள்ளும். வெறும் வானின் பின்சக்கரம் நிலத்தைச் சரியாகப் பிடிக்காது.

நம்மூருக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. கடற்காற்றிலேயே காலம் கழித்த வானின் தரைவிரிப்பைக் கிளப்பி, ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்தினால், தகடு பொருக்குப் பொருக்காய் உதிரும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கவேண்டிய குழாய்க் கூட்டை அந்தத் துருவின்மேல் வெல்டிங் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். துருவை முற்றாக வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தபின்னரே மற்ற வேலை.

இதெல்லாம் நமக்கு எட்டாத வித்தை என்று யாரும் எண்ணவேண்டாம். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்பவர், 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் யந்திரத்தைக் கொண்டே ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் சிருஷ்டித்தார். அதே நிறுவனத்தின் ஒம்னி வானின் முன் ஆசனத்தடியில் காய்கறி மூட்டைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உழைத்த அதே 3 சிலிண்டர் யந்திர வகைதான் அது. ஃபோர்மியூலா மாருதி எனப்பட்ட அந்தக் காரில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபோர்மியூலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டே அவர் அமெரிக்கப் போட்டியில் நான்காவதாக வந்து புள்ளிகளும் பெற்றார். கரிவரதனோ அதைக் காணாமலே 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் கோவையில் இன்று ஒரு பந்தயக் களம் இருக்கிறது.

களம் என்பதுதான் இங்கே முக்கியம். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பந்தயம் வளர்ந்தது யுத்தகால விமான ஓடுபாதையில். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் பழைய விமானத்தளமே பந்தயக் களமாயிற்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியக் குண்டுவீச்சைக் கண்ட நமது சீனக்குடா விமானத்தளமோ விமானப்படையின் வசம் இருக்கிறது. அதைப் பந்தயத்துக்கென்று கேட்பது நியாயமன்று. எனினும் இம்மாவட்டத்தில் வேலியிட்டு, மருத்துவ உதவியோடும் தீயணைப்பு வசதியோடும், ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓடுவதற்கு ஒரு திறந்த வெளி கிடைக்காமற் போகாது.

அதிகாரிகளிடமும் தொழில்நுட்ப ஆசிரியர்களிடமும் நான் வேண்டுவது இதுவே: அத்தகைய ஓரிடத்தையும், கழித்துவிடும் நிலையிலுள்ள ஒரு பழைய வானையும் நமது இளைஞரிடம் ஒப்படையுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இடம் கிடைக்கும்வரை கராஜில் உங்கள் கைகள் எவ்வளவு வேண்டுமானாலும் பழகட்டும், ஆனால் பாடசாலைப் பிள்ளைகளும் மாடுகளும் குறுக்கே வரும் நிலாவெளி வீதியில் வேகம் பார்க்காதீர்கள்.