மனநல உதவி வீடு தேடியும் வரும்

கால் முறிந்தால் ஊருக்கெல்லாம் சொல்லுவோம். மனம் சோர்ந்தால் வீட்டுக்குள்ளேயே மறைப்போம். எங்களிடம் வரும் தமிழ் நோயாளர் பலர் "மனக்கவலை" என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சுப் பாரம், உடம்பு உளைவு, நித்திரையின்மை என்றே சொல்வார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாதபோதுதான் உண்மைக் கதை மெல்ல வெளிவரும். மலைக் கிராமங்களில் வாழ்வோருக்கு மேலும் சிரமம். மனநல மருத்துவர் தொலைவில் இருப்பார், காத்திருப்போர் பட்டியலும் நீளம், மொழியும் இடறும்.

இந்த நிலைமை எமக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் கிராமங்களில் மக்களோடு பழகும் பணியாளர்களைப் பயிற்றுவித்து அந்த இடைவெளியை நிரப்ப முயன்றார்கள். 2004 ஆழிப்பேரலையின் பின், 2005இல் வந்த இலங்கையின் மனநலக் கொள்கையும் சேவையைச் சமூகத்துக்குள் கொண்டுசெல்வதையே வலியுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய திட்டத்தின் அடிப்படையும் இதுவே: மனநல நிபுணர் இல்லாத இடத்தில், பொது மருத்துவரையும் தாதியரையும் பயிற்றுவிப்பது.

சுவிசிலும் இதே வழி உண்டு. மனநலத்தில் அனுபவம் பெற்ற தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை "சைக்கியாட்ரிஷே ஸ்பிற்றெக்ஸ்" என்பார்கள். இதைவிட, முதுநிலைப் பட்டம் பெற்ற தாதியரும் இருக்கிறார்கள். ஊரி மாநிலத்தின் மலைப் பகுதியில் அப்படியொரு தாதி குடும்ப வைத்தியருடன் இணைந்து, முதியோரையும் நாட்பட்ட நோயாளரையும் வீடு சென்று கவனித்த முன்னோடித் திட்டம் ஒன்று நடந்தது.

வீட்டுக்கு வரும் தாதி என்ன செய்வார்? மருந்து ஒழுங்காக எடுக்கப்படுகிறதா, பக்கவிளைவு உண்டா என்று பார்ப்பார். நித்திரை, சாப்பாடு, நாளாந்த வேலைகளைச் சிறிது சிறிதாகச் சீராக்க உதவுவார். நோய் திரும்பும் அறிகுறிகளை வீட்டாருக்கும் விளக்குவார். வைத்தியருக்கு அறிவிப்பார். இரகசியம் காப்பது அவரது சட்டக் கடமை. ஆகவே "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்ற பயம் வேண்டாம்.

இதைப் பெற, குடும்ப வைத்தியரின் பணிப்புரையைக் கேளுங்கள். அடிப்படை மருத்துவக் காப்புறுதி இதை ஏற்கும். வழமையான சுயபங்கு உங்களுடையது. 2022 யூலை முதல், உளவியலாளரின் சிகிச்சைக்கும் குடும்ப வைத்தியர் பணிப்புரை எழுதலாம். மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தந்தையின் துயரத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்வது பெரும் சுமை. பெற்றோரும் பிள்ளைக்கு முன்னால் முழுவதையும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையின்மை, எதிலும் பற்றின்மை, காரணமில்லாத அழுகை, தனிமையை நாடுதல் இருந்தால் தாமதியாது வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒருவர் "வாழப் பிடிக்கவில்லை" என்றால் பகிடியாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 144ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச 143 இரவு பகலாக இயங்குகிறது.