கைக்குத் திரும்பி வரும் மர விமானம்

ரப்பர் பட்டை போனது, பாட்டரி வந்தது! ரேடியோ சொல்கிறபடி பறக்கிறது!

ஐந்து வாரம் பாடுபட்டுச் செய்த விமானம். ஐந்தே நிமிடத்தில் காணாமல் போய்விடும்!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மரக்குச்சியால் சின்னஞ்சிறு விமானம் செய்து பறக்கவிடும் பழக்கம் உண்டு. சிறுவர்கள் மட்டும் அல்ல. தலை நரைத்தவர்களும் செய்கிறார்கள். விமானம் தொலைவது அவர்களுக்குப் பழகிப்போன துக்கம்.

விமானத்தின் வயிற்றில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதை நூற்றுக்கணக்கான முறை முறுக்கி வைப்பார்கள். கையை எடுத்ததும் முறுக்கு பிரியும். மூக்கில் இருக்கும் விசிறி சுழலும். விமானம் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு செய்தவருக்கும் விமானத்துக்கும் தொடர்பு இல்லை. அது காற்றின் சொத்து!

வெயில் நேரத்தில் சூடான காற்று தரையிலிருந்து மேலே எழும். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிடுவது அந்தக் காற்றில்தான். பொம்மை விமானம் அதில் சிக்கினால், ரப்பர் ஓய்ந்த பிறகும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு புள்ளியாகி மறைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மோசமாகச் செய்த விமானம் தொலைவதில்லை. அது பத்தடி போய் விழுந்துவிடும். நன்றாகச் செய்ததுதான் தொலையும்!

இதற்காக இறக்கையில் பெயரும் விலாசமும் எழுதி வைப்பார்கள். வாலில் ஒரு திரியைக் கொளுத்தி விடுவதும் உண்டு. திரி புகைந்துகொண்டே போய், வாலைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தை அறுக்கும். வால் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். விமானம் பறக்கும் வலிமையை இழந்து மெல்ல இறங்கிவிடும்.

இப்போது திரியும் வேண்டாம். தேடி அலையவும் வேண்டாம். அதே மரம், அதே காகிதம். ஆனால் ரப்பர் பட்டை இருந்த இடத்தில் ஒரு மோட்டாரும் பாட்டரியும் ரேடியோவும் உட்கார்ந்திருக்கின்றன. தரையில் நிற்பவர் "வா" என்றால் விமானம் திரும்பி வருகிறது!

பெட்டிக்குள் என்ன?

இந்த விமானம் பெட்டியில் விற்கிறது. பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. சில மெல்லிய பலகைகள், தீக்குச்சி போன்ற நீளக் குச்சிகள், மெல்லிய காகிதம், ஒரு படம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாங்கியவர் கையில் இருக்கிறது!

மரத்தின் பெயர் பால்சா. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் ஏராளமாக விளைகிறது. மிக வேகமாக வளரும் மரம். தக்கை போல லேசானது. "பால்சா" என்ற ஸ்பானிஷ் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். 1947-ல் தார் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் பால்சாக் கட்டைகளால் கட்டிய தெப்பத்தில்தான் பெரு நாட்டிலிருந்து கிளம்பி, 101 நாள் பசிபிக் கடலில் மிதந்து பாலினீசியத் தீவுகளை அடைந்தார்.

படத்தை மேஜை மீது விரிப்பார்கள். பசை ஒட்டாமல் இருக்க அதன்மேல் மெழுகுத்தாள் போடுவார்கள். குச்சிகளைப் படத்தின் கோட்டின் மீதே வைத்துக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டுவார்கள். மீனின் முள்ளைப் போல ஓர் எலும்புக்கூடு உருவாகும். அதன்மேல் காகிதம் ஒட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். காகிதம் முதலில் தொய்யும். காய்ந்ததும் தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும்!

ரைட் சகோதரர்களின் பொம்மை

ரப்பர் பட்டையைக் குறைவாக நினைக்கக் கூடாது. 1871-ல் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பர் பட்டையால் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி பறந்தது. மனிதனை ஏற்றிச் செல்லும் விமானம் வருவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு!

1878-ல் ரைட் சகோதரர்களின் தந்தை, ரப்பர் பட்டையால் மேலே எழும் ஒரு பொம்மையை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். அப்போது வில்பருக்கு வயது 11. ஆர்விலுக்கு வயது 7. பொம்மை உடையும் வரை விளையாடினார்கள். உடைந்ததும் தாங்களே ஒன்று செய்தார்கள். 1903-ல் அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும்.

பொம்மை விமானத்துக்கு ரேடியோ வந்தது 1937-ல். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள், ரேடியோவுக்குக் கட்டுப்படும் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதற்கு "கஃப்" என்று பெயர். பெட்ரோலில் ஓடியது. ரேடியோவையும் அதன் பாட்டரியையும் சுமக்க வேண்டுமே! அதனால் இறக்கை சுமார் 8 அடி நீளம். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

ரேடியோவும் மின்சாரமும் ஒன்று சேர மேலும் 20 ஆண்டு ஆயிற்று. 1957 ஜூன் மாதம், இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் "ரேடியோ குயின்" என்ற விமானத்தை மின்சார மோட்டாரால் பறக்கச் செய்தார். வெள்ளியும் துத்தநாகமும் கலந்த விலை உயர்ந்த பாட்டரி அதற்குத் தேவைப்பட்டது. சாமானிய வீட்டுப் பையன் அதை எங்கே வாங்குவது?

2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. லித்தியம் பாட்டரி மலிந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு மோட்டார் வந்தது. 2 அடி இறக்கை உள்ள காகித விமானத்துக்குள்ளும் மின்சாரம் புகுந்துவிட்டது.

சுமைகூலி முக்கால் பணம்!

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. எடை!

2 அடி விமானம் ஒன்று ரப்பர் பட்டையோடு 60 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இனி மாற்றத்துக்கு வேண்டிய சாமான்களைத் தராசில் வைப்போம். மோட்டார் 10 கிராம். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி 6 கிராம். வாலை அசைக்கும் "சர்வோ" என்ற குட்டி இயந்திரம் இரண்டு சேர்ந்து 10 கிராம். ரேடியோ 4 கிராம். பாட்டரி 18 கிராம். கம்பி, விசிறி எல்லாம் சேர்த்தால் 50 கிராம். ஒரு கோழி முட்டையின் எடை!

முட்டை எடை ஒரு எடையா என்று கேட்கலாம். விமானமே 60 கிராம்தானே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

எடை இரண்டு மடங்கானால், காற்றில் நிற்பதற்கு விமானம் சுமார் 1.4 மடங்கு வேகமாகப் பறந்தாக வேண்டும். வேகமும் கூடி எடையும் கூடினால், தரையில் மோதும்போது அடி 4 மடங்கு! ரப்பர் விமானம் புல்லில் விழுந்தால் எடுத்துத் தூசி தட்டலாம். கனத்த விமானம் விழுந்தால் குச்சிகளைப் பொறுக்க வேண்டியதுதான்.

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். விமானம் கனமாகிவிட்டதே என்று பெரிய மோட்டார் போடுவார்கள். பெரிய மோட்டாருக்குப் பெரிய பாட்டரி வேண்டும். பெரிய பாட்டரியைத் தாங்கக் கனத்த மரம் வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும்.

கைதேர்ந்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு பலகையையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். கனமான பலகையை ஒதுக்கிவிட்டு, அதே வடிவத்தில் லேசான பால்சாவில் வெட்டிக்கொள்கிறார்கள். அதிலும் வாலில் அதிகக் கவனம். வால் நீண்டு கிடக்கிறது; மூக்கு குட்டையாக இருக்கிறது. வாலில் 1 கிராம் கூடினால், அதைச் சரிக்கட்ட மூக்கில் 3 கிராம் ஈயம் வைக்க நேரிடும். வண்ணம் பூசுவதில்கூட அவர்கள் கஞ்சர்கள்!

எங்கே வெட்டுவது? எங்கே ஒட்டுவது?

விமானத்தைக் கட்டி முடித்த பிறகு மாற்ற முயல்வது வீண் வேலை. குச்சி ஒட்டும்போதே மோட்டாருக்கு இடம் விட வேண்டும்.

முதல் மாற்றம் மூக்கில். ரப்பர் பட்டைக்காக வைத்த மரக்கட்டை போகிறது. அங்கே மெல்லிய ஒட்டுப்பலகை வந்து மோட்டாரைத் தாங்குகிறது. மோட்டாரை நேராக வைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று டிகிரி கீழேயும், அதே அளவு வலப்பக்கமும் சாய்த்து வைப்பார்கள். விசிறி வேகமாகச் சுழலும்போது விமானம் மூக்கைத் தூக்கும், இடப்பக்கம் இழுக்கும். அதற்கு இது மாற்று.

இரண்டாவது மாற்றம் வாலில். ரப்பர் விமானத்தின் வால் அசையாது. இதில் செங்குத்தாக நிற்கும் பலகையின் பின்பாதியை வெட்டி, நூலால் கீல் போட்டு அசைய வைக்கிறார்கள். அதுதான் சுக்கான். படுத்திருக்கும் பலகையையும் அப்படியே வெட்டினால் மேலே ஏறவும் கீழே இறங்கவும் வழி பிறக்கும். சர்வோவிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இவற்றை இழுக்கும், தள்ளும்.

இறக்கையில் எதையும் வெட்டத் தேவையில்லை. அதன் நுனிகளைச் சற்று அதிகமாக மேல்நோக்கி வைத்தால் போதும். சுக்கான் மூக்கை இடப்பக்கம் திருப்பும்போது வலது இறக்கை முன்னே போகும். காற்று அதைத் தூக்கும். விமானம் அழகாகச் சாய்ந்து இடப்பக்கம் வளையும்.

வயிற்றின் அடியில் ஒரு சிறு கதவு. அதைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். பாட்டரி போய் வருவது அதன் வழியாகத்தான்.

எல்லாம் முடிந்ததும் விமானத்தை இரண்டு விரல் நுனியில் நிறுத்திப் பார்க்கிறார்கள். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே அது சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பாட்டரியை முன்னே தள்ளுவார்கள். ஈயம் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

இடமா? வலமா?

முன்பெல்லாம் மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ரேடியோவை முடுக்கினால் ஒருவர் விமானமாவது விழுந்து நொறுங்கும். அதனால் அலைவரிசை எண் எழுதிய துணி கிளிப்புகளை ஒரு பலகையில் மாட்டி வைத்திருந்தார்கள். கிளிப் யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டுமே அந்த அலைவரிசையில் பறக்கவிடலாம்! இன்றைய ரேடியோ விநாடிக்கு 240 கோடி முறை துடிக்கும் அலையில் வேலை செய்கிறது. கையில் இருக்கும் பெட்டியையும் விமானத்தில் இருக்கும் கருவியையும் முதலிலேயே ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். பக்கத்தில் பத்துப் பேர் பறக்கவிட்டாலும் அது தன் எஜமானர் குரலுக்கு மட்டுமே கட்டுப்படும்.

முதல் நாள் காலை, காற்று அடங்கிய நேரம் பார்த்துப் போகிறார்கள். பெட்டியில் இடம் என்றால் சுக்கான் இடம் போகிறதா என்று பார்க்கிறார்கள். அற்ப விஷயம்தான். இதைப் பார்க்க மறந்ததால் முதல் பறப்பிலேயே முடிந்துபோன விமானங்கள் ஏராளம்!

பிறகு விமானத்தை மேல்நோக்கி வீசாமல், நேராக, மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். பறந்துவிட்டது! இனிமேல்தான் உண்மையான சோதனை. விமானம் எதிரே போகும்போது இடம் இடம்தான், வலம் வலம்தான். திரும்பித் தம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ்! இடம் என்று நினைத்துத் திருப்பினால் அது பார்ப்பவருக்கு வலப்பக்கம் போகும். புதியவர்கள் பதறிப்போவது இந்த இடத்தில்தான். அனுபவசாலிகள் இதற்கு ஒரு சூட்சுமம் சொல்வார்கள். எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் பெட்டியின் குச்சியைத் தள்ள வேண்டும். விழப்போகும் இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல. விமானம் நிமிர்ந்துவிடும்.

சிறிய பாட்டரி ஐந்து நிமிடம் தாங்கும். மின்சாரம் குறைந்தால் வேகக் கருவி மோட்டாரை மட்டும் நிறுத்திவிடும். வாலை அசைக்கவும் ரேடியோவுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். விசிறி நின்ற விமானத்தை மெல்ல இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டரியிடம் மட்டும் விளையாட்டு கூடாது. லித்தியம் பாட்டரி அடிபட்டாலும், அளவுக்கு மீறி மின்சாரம் ஏற்றினாலும் தீப்பிடிக்கும். உப்பிப்போன பாட்டரியை மறுபடி தொடவே கூடாது. மின்சாரம் ஏற்றும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மேஜை மீது விசிறியை மாட்டிக்கொண்டு மோட்டாரைச் சோதிப்பதும் தவறு. விரலைப் பதம் பார்த்துவிடும்.

தரையில் இறங்கியதும் முதல் வேலை, சிறு கதவைத் திறந்து பாட்டரியைக் கழற்றுவது. அடுத்தது, புல் குத்திக் காகிதம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. கிழிந்திருந்தால் விரல் அகலக் காகிதத் துண்டு ஒன்றும் ஒரு சொட்டுப் பசையும் போதும். மாலையில் மறுபடி பறக்கலாம்.

ரேடியோ வந்துவிட்டது என்பதற்காக, இறக்கையின் அடியில் பெயரும் விலாசமும் எழுதும் பழக்கத்தைப் பலர் இன்னும் விடவில்லை.