பழைய ஆர்15 வாங்கப் போகிறவர்களுக்கு

2008-ஆம் ஆண்டின் மத்தியில் யமஹா ஸ்தாபனத்தார் ஆர்15 என்னும் மோட்டார் சைக்கிளை இந்தியச் சந்தையில் இறக்கினார்கள். நூற்றைம்பது சி.சி. வண்டி என்பது ஆபீசுக்குப் போய்வரவும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கணக்குப் பார்க்கவும் ஏற்பட்ட சாதனம் என்றே நினைத்துப் பழகியிருந்த நம் ஜனங்களுக்கு, ரேடியேட்டரும் நான்கு வால்வும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் ஆறு கியரும் அமைந்து, மேனி முழுவதும் ஃபேரிங் போர்த்திக்கொண்டு வந்து நின்ற அந்த வாகனம் ஒரு சிறிய அதிசயமாகவே தோன்றிற்று. அன்று கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போன பள்ளிக்கூடப் பையன்கள் இன்று சம்பாதிக்கிறார்கள்; அந்த வண்டியும், அதன் பின்னே வந்த தலைமுறைகளும், ஒவ்வோர் ஊரின் டூவீலர் கன்சல்டிங் கடைகளிலும் வரிசையாக நிற்கின்றன. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் விலை பேசி முடிக்கும் முன்பே, எந்த சைலன்சர் போடுவது, எந்த டயர் மாட்டுவது என்று மனத்துக்குள் ஜாபிதா தயாரித்து விடுகிறார்கள். அந்த ஜாபிதாவுக்காக ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல், வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைமைக்குத் திருப்பிக் கொண்டுவருவதிலேயே செலவாகிவிடும் என்பதையும், அப்படிச் செலவாவதே நியாயம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எந்தத் தலைமுறை என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். முதலாவது ஆர்15 149.8 சி.சி. கொள்ளளவும் 17 குதிரைசக்தியும் உடையது, டயர்கள் மெலிந்தவை. 2011-இல் வந்த இரண்டாவது, இயந்திரத்தில் பெரிய வித்தியாசமில்லாவிட்டாலும், அலுமினியத்தாலான பின் ஸ்விங் ஆர்மும், 130 மில்லிமீட்டர் அகலமுள்ள பின் டயரும் பெற்று, வளைவுகளில் சாய்ந்து செல்லும் சுகத்தில் முன்னதை மிஞ்சியது. 2018-இல் வெளிவந்த மூன்றாவதில் கொள்ளளவு 155 சி.சி. ஆயிற்று, நிமிஷத்துக்கு 7,400 சுற்றுக்களைத் தாண்டியதும் வேறொரு கேமுக்கு மாறி வால்வை அதிகம் திறக்கிற விசித்திர ஏற்பாடும், கியரை அவசரமாகக் குறைக்கும்போது பின் சக்கரம் இழுபடாமல் காக்கும் கிளட்சும் அதில் அமைந்தன, சக்தி 19.3 குதிரையாக உயர்ந்தது. 2021-இல் வந்த நான்காவதில் தலைகீழ் ஃபோர்க்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் சேர்ந்தன. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குறைந்த முதலீட்டில் வாங்குகிறவருக்கு மூன்றாவது தலைமுறையே உத்தமம். ஆனால் அதிலும் ஒரு விவரம் உண்டு. 2018-இல் விற்றவற்றில், திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது, 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயமாக்கப்பட்டதை ஒட்டியே அதற்கு ஏ.பி.எஸ். வந்தது. பிற்பாடு பட்டறையில் கொடுத்துப் பொருத்திக்கொள்ளக்கூடிய சாமானன்று அது. ஆகவே, சில ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டாலும் 2019-க்குப் பிற்பட்ட வண்டியைத் தேடிப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

இனி, வண்டியைப் பரீட்சை செய்யும் விஷயம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. வண்டிச் சந்தையிலோ பெயிண்ட்டைப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபேரிங் உள்ள வண்டியில் இது இரட்டிப்பு அபாயம். ஏனெனில், சாதாரண வண்டி விழுந்தால் காயம் வெளியே தெரியும்; ஸ்போர்ட்ஸ் வண்டி விழுந்தால், உடைந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டி, அதன்மேல் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டால், விழுந்த சரித்திரமே மறைந்துபோகிறது. ஆகையால் புதிதாகப் பளபளக்கும் இடங்களை விட்டுவிட்டு, யாரும் துடைக்காத இடங்களைப் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இடவலமாகக் கடைசி வரை திருப்பினால் ஓரிடத்தில் போய் முட்டி நிற்கும். சட்டத்தின் கழுத்தருகே உள்ள அந்தச் சிறு முட்டில் பள்ளம் விழுந்திருந்தாலும், பெயிண்ட் நசுங்கி உதிர்ந்திருந்தாலும், வண்டி ஏதோ ஒரு நாள் பலமாக விழுந்து ஹேண்டில் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபுட்ரெஸ்டின் நுனி, பிரேக் கிளட்ச் லீவர்களின் உருண்டை முனை, இயந்திரத்தின் பக்க மூடி ஆகியவற்றில் உள்ள உராய்வுகள் ஒரே பக்கத்தில் ஒரே திசையில் இருந்தால், வண்டி எந்தப் பக்கம் படுத்துத் தேய்ந்தது என்பதும் விளங்கும். ஃபேரிங்கின் போல்ட்டுகளில் இரண்டு வேறு தினுசாகவோ, தலை மழுங்கியோ இருந்தால், அது பல தடவை கழற்றி மாட்டப்பட்டது என்பதில் சந்தேகமில்லை; பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் பேரம் பேசிப் பிரயோஜனமில்லை.

வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். போனதும் முதல் வேலையாக இயந்திரத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தால், அது சூடாக்கி வைக்கப்பட்டதா இல்லையா என்பது தெரிந்துபோகும். ஏனென்றால், குளிர்ந்த நிலையில் சிரமப்படுகிற இயந்திரம் சூடான பின் சாதுவாகிவிடும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இயந்திரக் கோளாறு விளக்கு எரிந்து, ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த விளக்கை யாரோ ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பாலாடை போல வெளுத்த கசடு கனமாகப் படிந்திருந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விடும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. இந்த இடத்தில் ஆர்15-க்கென்று ஒரு பிரத்யேக எச்சரிக்கை உண்டு. பழைய ஆர்எக்ஸ்100 காலத்து மெக்கானிக்குகள், சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆர்15-இன் சிலிண்டரோ உள்ளே இரும்பு லைனர் இல்லாமல் அலுமினியமும் சிலிக்கனும் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டது. அதை ரீபோர் போடுவதற்கில்லை. கீறல் விழுந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். புகை விடும் ஆர்15-ஐ மலிவாகக் கொடுக்கிறார்களே என்று வாங்குகிறவர், மிச்சம் பிடித்த பணத்தை அந்த ஒரே செலவில் இழந்துவிடுவார்.

ஓடிய தூரத்தை மீட்டர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்; டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும் வண்டியில் பிரேக் டிஸ்கின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தால் ஆழமான வரப்புத் தட்டுகிறதென்றால், இரண்டில் ஒன்று பொய். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்தால் பல் பாதி தெரியும் அளவுக்கு விலகி வருமானால் செயின் செட் முடிந்துவிட்டது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வருஷத்தையும் குறிக்கும்; 1419 என்றிருந்தால் 2019-இன் பதினான்காவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும், ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் காலை வாரிவிடும்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் விஸ்தரிக்கத் தேவையில்லை. ஆயினும் நஷ்டமடைகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நஷ்டமடைகிறார்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான பேங்க் கடிதமும் 35-ஆம் நம்பர் படிவமும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும்; பெங்களூரிலிருந்து மலிவாக வருகிற வண்டியானால், அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும், இங்கே மறுபடி கட்ட வேண்டிய வரியும் சேர்ந்து அந்த மலிவைக் கரைத்துவிடும். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதிவிட வேண்டும். பழைய சொந்தக்காரரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

வண்டி வீடு வந்து சேர்ந்தபின் முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத செலவாக இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் இவற்றோடு, யாரும் நினைத்தே பார்க்காத ஃபோர்க் ஆயிலையும் மாற்றி, ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள கோன் செட்டையும் சரிபார்த்துவிட்டால், பல பேர் 'சஸ்பென்ஷன் அப்கிரேட்' என்று தேடி அலைகிற சுகத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். அடுத்தபடி டயர். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல ரகமாக வாங்க வேண்டும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறதென்று 140 இருக்கும் ரிம்மில் 150-ஐத் திணித்தால், டயரின் வளைவு கூம்பி, வண்டி சாய மறுக்கும். ஆர்15-இன் பெருமையே அது சாய்வதில்தான் இருக்கிறது. மூன்றாவது பிரேக்: வருஷக்கணக்கில் ஊறி நெகிழ்ந்த ரப்பர் ஹோஸுக்குப் பதில் எஃகுப் பின்னல் ஹோஸும் நல்ல பேடும் போட்டால், லீவரில் விரல் உணரும் அழுத்தம் தெளிவாகிவிடும். டயர், பிரேக், செயின் இந்த மூன்றை மட்டும் பழைய சாமான் கடையில் தேடாதீர்கள்.

சைலன்சர், ஏர் ஃபில்டர், ஈ.சி.யு. ரீமேப் என்று சக்தியைக் கூட்டும் வித்தைகளைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் வெறும் வைதிகமன்று. இத்தனை சிறிய இயந்திரத்திலிருந்து அதைத் தயாரித்தவர்களே பெரும்பகுதிச் சக்தியைக் கறந்துவிட்டார்கள். ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி, எரிபொருள் கணக்கையும் திருத்தினால் கிடைப்பது ஓரிரு குதிரைசக்தி. திருத்தாமல் விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். அதைவிட முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தால், உச்ச வேகத்தில் கொஞ்சம் இழந்தாலும், நகரத்தில் எடுப்பு நன்றாகவே இருக்கும்; செலவும் சொற்பம்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் பதிந்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே, என்கிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்டியெறிந்த பி.எஸ்.6 வண்டி புகைப் பரிசோதனையில் தேறுவதும் சந்தேகம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் சாக்குத் தேடும்போது அந்தச் சைலன்சரே அவர் கண்ணில் முதலில் படும். வேகமாக ஓட்டத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் இருக்கிறது; அங்கே நடக்கும் ஓட்டுநர் பயிற்சி ஒன்றில் சேர்வதற்கு ஆகும் தொகையை ஒரு சைலன்சரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எதை மாற்றினாலும், கழற்றிய அசல் பாகங்களை எடைக்குப் போட்டுவிடாமல், ஆயில் தடவிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருங்கள். நீங்கள் வண்டியை விற்கும் நாளில், விவரம் தெரிந்த ஆசாமி முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.