தாய்மாரின் தசைவளம்

சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலாகிய சுவரைத் தாங்குவன என்பும் தசையுமாம். என்புத் தேய்வினைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர்; தசைத் தேய்வினைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நடுவயது கடக்கும் பெண்மக்களுக்கு இஃது எவ்வாறு நேர்கின்றது, இதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுவாம். பழைய மாணவராகிய ஆடவர் இல்லங்களிலும் அன்னையரும் மனைவியரும் உளராதலின், இஃது அவரும் அறியற்பாலதே.

முப்பது வயதிற்குப் பின் யாவர்க்கும் தசை சிறிது சிறிதாகக் குறைகின்றது. பத்தாண்டிற்கு நூற்றுக்கு 3 முதல் 8 வரை குறையுமென்பர். பெண்களுக்கோ, பெரும்பாலும் 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையே மாதவிடாய் நிற்குங் காலத்தில், வேறொரு காரணமும் வந்து சேர்கின்றது. அப்போது சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் பெரிதுங் குறைகின்றது. அது மகப்பேற்றிற்கு மாத்திரம் உரியதன்று. தசையைப் புதுப்பிக்குங் கலங்களுக்கும் துணைசெய்வது. அத்துணை குன்றத் தசை மெலிந்து கொழுப்பு மிகுகின்றது. உடலின் நிறை மாறாதிருத்தலுங் கூடும். ஆதலால் தராசு இக்குறையைக் காட்டாது.

முதுமையில் நேரும் இத்தேய்விற்கு 1989இல் ஏர்வின் ரோசன்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 'சார்க்கோபீனியா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் முற்பகுதி ஊனையும் பிற்பகுதி வறுமையையுங் குறிக்கும். 'ஊன்வறுமை' என நாம் வழங்கலாம்.

விரைந்து சுருங்குந் தசைநார்களே இதனால் மிகுதியும் மெலிகின்றன. கால் இடறும்போது உடலைத் தாங்கிக் காப்பன அவையே. அவை மெலிய வீழ்ச்சியும், வீழ்ச்சியால் இடுப்பென்பு முறிவும் நேர்கின்றன. குருதியிலுள்ள வெல்லத்தைப் பெருமளவில் ஏற்பதுந் தசையாதலின், அது குறைய நீரிழிவிற்கும் இடமுண்டாகின்றது.

என் தாயார் பாயிலிருந்து எழக் கையூன்றத் தொடங்கிய நாளில், "அம்மா, நீங்கள் ஒன்றுஞ் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ" என்றேன். கையிலிருந்த வாளியை வாங்கினேன், உலக்கையையும் வாங்கினேன். அன்பினாற் செய்த செயலே அது. ஆயினும் ஈராண்டு கழியுமுன் பிறர் கைபற்றாது எழ இயலாதவரானார். ஓய்வென்று யான் கொடுத்தது நோய்க்குத் துணையாயிற்று.

இந்நிலையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கைகளை மார்பின்மேற் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர்க. அதற்கு 12 செக்கன் அல்லது அதற்கு மேற் செல்லுமாயின் வைத்தியரை நாடுக. இவ்வளவை ஆசிய மருத்துவ அறிஞர் 2019இல் வகுத்தனர்.

இழந்த வலிமை மீளுமோ எனின், மீளும். பொஸ்டன் நகரில் 90 வயதளவினர் சிலர் எட்டுக் கிழமை பாரந்தூக்கிப் பயின்றபோது, அவர்தங் கால்வலிமை சராசரியாக இருமடங்கினும் மிகுந்தமை 1990இல் வெளியாயிற்று. நடை நன்றேயாயினும் அது மட்டும் போதாது. கிழமையில் இரு நாளேனுந் தசைக்குப் பயிற்சி வேண்டுமென உலக சுகாதார தாபனங் கூறுகின்றது. நாற்காலியிலிருந்து எழுதல், சுவரைக் கைகளாற் தள்ளுதல், நீர் நிறைந்த போத்தலைத் தூக்குதல் என்பன எளியன. சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும்.

உணவும் வேண்டும். முதியோர்க்கு உடல்நிறையில் கிலோ ஒன்றிற்கு நாடோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தகும் என்பர். சிறுநீரக நோயுடையார் வைத்தியரைக் கேட்டே உண்க. பயறு, கடலை, உழுந்து, பால், தயிர் என்பன சைவ உணவினர்க்கும் உதவுவன. ஆயின் எல்லாரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்பவர் நம் தாய்மாரே. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும்.

பயிற்றுநர் ஒருவர் காட்டியவாறு என் தாயார் நாளும் நாற்காலியிலிருந்து எழுந்து பழகினார். சில திங்களில் எவர் கையும் பற்றாது பாயிலிருந்து எழுந்தார். பின்பு கேட்டது தம் வாளியையே. யான் மறுக்கவில்லை.